பாடி பெரியவனுக்கு, எஞ்சின் சின்னவனுக்கு

அம்மா இருந்தவரை என் தம்பிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முகத்தில் அடித்துக்கொண்டதில்லை. முதுகு, விலா, தொடை என்று துணிக்குள் மறைகிற இடமாகப் பார்த்து அடித்துக்கொள்வார்கள். அம்மாவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த வாரமே அந்த மரியாதையும் போய்விட்டது. பெரியவன் ஃபிராங்க்ளினுக்கு மூக்கு உடைந்தது. சின்னவன் கிளைட்டனுக்கு முன்பல் போனது. எல்லாம் ஒரு காருக்காக. அதுவும் ஓடாத கார்.

நான் அனுஜா, இவர்களுக்கு மூத்தவள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்யும் ஆபீஸில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன, இரண்டும் உருப்படவில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

எங்கள் அப்பா ரோச் சிங்கப்பூரில் கப்பல்களை இழுக்கிற டக் போட்டில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது மற்றவர்களைப் போல டேப் ரெக்கார்டரும் கம்பளியும் கொண்டுவரவில்லை. கப்பலில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தார். டாட்சன் 240 இசட். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு நிறம், இரண்டே இரண்டு சீட். முன்பக்கம் அத்தனை நீளம். தெருப் பிள்ளைகள் பார்த்ததுமே அதற்குச் சீலா என்று பெயர் வைத்துவிட்டார்கள், சீலா மீனுக்கும் அப்படித்தான் நீள மூக்கு. கொஞ்ச வருஷம் ஓடியது. அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் முற்றத்தில் நின்றது. திரேஸ்புரத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு இரும்புச் சாமான் நின்றால் உப்புக் காற்று சும்மா விடுமா? கதவின் அடியைத் தின்றது, தரைத் தகட்டைத் தின்றது, சீட்டுக்கு அடியில் கை விட்டால் மண்ணைத் தொடலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தது.

அப்பா சாகப் போகிற நேரத்தில் அந்தக் காரையும் பங்கு வைத்தார். எங்கள் ஆட்கள் வள்ளத்தை எப்படிப் பங்கு வைப்பார்களோ அப்படி. வள்ளம் ஒருத்தனுடையது, எஞ்சின் ஒருத்தனுடையது, வலை ஒருத்தனுடையது. பிடித்த மீனில் ஆளாளுக்குப் பங்கு. ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தன் கடலுக்குப் போக முடியாது, அதனால் சண்டை போட்டாலும் மறுநாள் காலை ஒன்றாகக் கிளம்பியாக வேண்டும்.

"பாடி பெரியவனுக்கு, எஞ்சின் சின்னவனுக்கு. அப்பதான் ரெண்டு பயலும் பிரியாம இருப்பானுவ" என்றார். கையைத் தூக்க முடியாமல் தூக்கி என் உள்ளங்கையில் சாவியை வைத்தார். "இதுல வலை கிடையாதுல்லா. ஏளா, நீ சாவிய வச்சுக்க."

நல்ல மனிதர். ஆனால் கடலை அறிந்த அளவுக்குக் கரையை அறியாதவர். வள்ளத்துக்காரனும் எஞ்சின்காரனும் சமாதானமாவது பாசத்தினால் அல்ல, பசியினால். வள்ளம் கரையில் கிடந்தால் அடுப்பு எரியாது. கார் கரையில் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிடிவாதம் பிடிக்கிறவன் ஆயுசு முழுக்கப் பிடிக்கலாம். அப்பாவுக்கு இது தோன்றவே இல்லை. எங்களில் யாருக்குமே அன்றைக்குத் தோன்றவில்லை.

ஃபிராங்க்ளின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். டியூட்டி முடிந்து வந்ததும் முற்றத்தில் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கிரைண்டரை எடுத்துவிடுவான். துரு பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, எண்ணெய் டிரம்மைப் பிளந்து தட்டி நிமிர்த்தி, அளவாக நறுக்கி வெல்டு வைத்துத் தரையை முழுசாகப் புதிதாகப் போட்டான். கதவுகளைத் தனியாகக் கழற்றி, அடிப்பக்கத்தை மாற்றினான். கண்ணாடி ரப்பரை மலேசியாவிலிருந்து வரவழைத்தான். அவன் தேய்த்த தூசி எங்கள் சோற்றில் விழுந்தது, துவைத்துப் போட்ட சேலையில் விழுந்தது. நான் கத்தினால் சிரிப்பான்.

கிளைட்டன் மீன்பிடித் துறைமுகத்தில் போட் எஞ்சின் மெக்கானிக். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவன் அறை. அங்கே அவன் கட்டிலில் கிராங்க் ஷாஃப்ட் படுத்திருந்தது, அவன் தரையில் படுத்தான். வால்வுகளை வரிசை மாறாமல் வைக்க என் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனான். ஒரு குழிக்கு ஒரு வால்வு. கேட்டதற்கு, "இட்லி இல்லாட்டி தோசை சுடு, அக்கா" என்றான். கார்புரேட்டர் இரண்டையும் பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான். அந்த எஞ்சினைப் போலத் தன் வாயையும் அவன் சுத்தமாக வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெரியவனுக்கு, சின்னவன் எஞ்சினைக் கொண்டுவந்து கேட்க வேண்டும். சின்னவனுக்கு, பெரியவன் பாடியைக் கொடுக்கிறேன் என்று வர வேண்டும். யாரும் வரவில்லை. ஒருத்தன் பாடியைச் செய்து முடிக்க முடிக்க, இன்னொருத்தனுக்கு வயிறு எரிந்தது.

போன சித்திரையில் ஃபிராங்க்ளின் பெயின்ட் அடித்தான். அசல் சிவப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம். மறுநாள் அவன் டியூட்டிக்குப் போன நேரத்தில் கிளைட்டன் பானட் மேல் ஒரு டப்பா பிரேக் ஆயிலை ஊற்றினான். சாயங்காலத்துக்குள் பெயின்ட் சுருங்கிக் கொப்புளித்து, கொதிக்கிற எண்ணெய் பட்ட தோல் மாதிரி உரிந்துவிட்டது. ஃபிராங்க்ளின் வந்து பார்த்தான். சமையலறைக்குப் போய்க் கல்லுப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு கிளைட்டன் அறைக்குள் நுழைந்தான். நான் ஓடுவதற்குள் இரண்டு கார்புரேட்டர் வாயிலும் உப்பு நிறைந்துவிட்டது.

காலி ஜாடியோடு முற்றத்துக்கு வந்து காரோரம் நின்ற ஃபிராங்க்ளினைக் கிளைட்டன் வீல் ஸ்பேனரால் மண்டையில் அடித்தான். ஒரே அடிதான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. ஃபிராங்க்ளின் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான், அப்புறம் சாய்ந்தான். ரத்தம் கண்ணை மூடி, வாயில் இறங்கி, புதுச் சிவப்புப் பெயின்ட் மேல் தெறித்திருந்தது. அவன் மனைவி ஜெர்லின் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்குப் போனவள்தான்.

தையல் போட்ட டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மண்டையோட்டில் விரிசல் விழுந்திருக்கிறது, இதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் ஆள் தேறமாட்டான் என்றார். எஸ்.ஐ. ராமரும் என்னைத் தனியே கூப்பிட்டார். கிளைட்டன் மேல் ஏற்கெனவே ஹார்பரில் ஒருத்தன் கையை வெட்டிய கேஸ் இருக்கிறது. "இன்னொரு கேஸ் விழட்டும் மேடம், குண்டாஸ்ல போட்டு வெளிய வராமப் பண்ணிருவேன்" என்றார். நான் ஃபிராங்க்ளின் காதில் சொல்லிக் கொடுத்தேன்: மாடிப்படியில் தவறி விழுந்தேன் என்று சொல். அவனும் அப்படியே சொன்னான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. ஒரே ஒரு அடி. அது விழுந்தால் ஒருத்தன் கல்லறைக்கு, இன்னொருத்தன் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு. ஆபீஸில் போன் அடித்தால் யாருக்கும் முன்னால் நான் பாய்ந்து எடுப்பேன். முற்றத்தில் ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் கேட்டால் பாதிக் குளியலில் ஓடி வருவேன். கர்த்தரே, இந்தக் காரை யாராவது திருடிக்கொண்டு போகட்டும் என்று ஜெபம் செய்திருக்கிறேன். திருடன்கூட எஞ்சின் இல்லாத காரைத் திருட மாட்டான்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. எஞ்சின் பாடிக்குள் இறங்கிவிட்டால், கார் ஒரு தடவை ஓடிவிட்டால், அப்புறம் அது ஒரே சாமான். பங்கு போட்டதே மறந்துபோகும். கல்லறைத் திருநாள் வருகிறது. அன்றைக்கு இந்தக் காரில்தான் அப்பா கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் போக வேண்டும், இல்லையென்றால் என் பிணத்துக்குக்கூட நீங்கள் இரண்டு பேரும் வரக் கூடாது என்று இரண்டு பேர் வாசலிலும் தனித்தனியாக நின்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் சாப்பாட்டையும் நிறுத்தினேன். நான் சமைக்காவிட்டால் இரண்டு பேருமே புரோட்டாக் கடையில்தான் கிடக்க வேண்டும். வயிறு வேலை செய்தது. பங்கு சேர்த்து வைக்கும் என்று அப்பா நினைத்தது தப்பில்லை, அணைய வேண்டியது எந்த அடுப்பு என்பதில்தான் பிசகு.

ஐப்பசிச் சனிக்கிழமை, காலை. முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முற்றத்தில் மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்திப் பாரம் தூக்குகிற செயின் பிளாக் மாட்டினார்கள். எஞ்சினைச் சுற்றி நைலான் கயிறு போட்டது கிளைட்டன். வள்ளத்து எஞ்சினைத் தூக்குவதற்குப் போடுகிற அதே முடிச்சு. உரிந்த பானட்டைத் திரும்பவும் சிவப்பாக்கிக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான் ஃபிராங்க்ளின். சங்கிலியை அவன் இழுத்தான். எஞ்சின் மேலே ஏறியது, கிளைட்டன் அதைக் கட்டிப்பிடித்துத் திருப்பினான். "இந்தப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துல" என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டு இஞ்ஞாசி அண்ணன் மதில் மேல் தலையை வைத்துக்கொண்டு, "ஏளா அனுஜா, இது கனவா நெசமா?" என்றார். எல்லாருக்கும் இளநீர் வெட்ட அரிவாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எஞ்சின் பாடிக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தொங்கியது. இனி இறக்க வேண்டியதுதான். ஃபிராங்க்ளின் சங்கிலியை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"கல்லறைத் தோட்டத்து வாசல்ல திருப்புறதுக்கு இடம் கம்மி. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றான்.

கிளைட்டன் நிமிர்ந்தான். "நீ ஓட்டுதியா?"

"பின்ன?"

"எஞ்சின் யாருதுல?"

"வள்ளம் யாருதோ அவன் கையிலதான் சுக்கான். அப்பா காலத்துலயிருந்து அப்படித்தான்."

"அது பாய் விரிச்சுப் போன காலத்துல. இப்ப எஞ்சின்காரன்தான் ஓட்டுதான். ஹார்பர்ல போய்க் கேளு, காறித் துப்புவானுவ."

நான் குறுக்கே விழுந்தேன். "சாவி என்கிட்ட இருக்குல. போறப்ப ஒருத்தன் ஓட்டுங்க, வாறப்ப ஒருத்தன் ஓட்டுங்க."

"போறப்ப யாரு?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். யார் பெயரைச் சொல்வது என்று யோசித்தேன். அந்த யோசனைக்குள் கிளைட்டன் அண்ணன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். ஃபிராங்க்ளின் முக்காலியில் மோதினான், எஞ்சின் ஆடியது. திரும்பி வந்தவன் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கிளைட்டனின் தோளில் இறக்கினான். கிளைட்டன் அதை உருவித் தூர எறிந்துவிட்டு அவன் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் வெட்டிப்போட்ட இளநீர் மட்டைகள் மேல் விழுந்து புரண்டார்கள். கிளைட்டன் அவன் காதைக் கடித்தான். ஃபிராங்க்ளின் கட்டை விரலால் அவன் கண்ணைத் தோண்டப் பார்த்தான். நடுவில் போன என்னை யாரோ உதைத்தார்கள், நான் மதிலில் போய் விழுந்தேன். "மண்டையில அடிக்காதல, மண்டையில அடிக்காதல" என்று நான் கத்துவது எனக்கே வேறு யாரோ கத்துவதுபோலக் கேட்டது.

எழுந்து பார்க்கும்போது ஃபிராங்க்ளின் மல்லாந்து கிடக்கிறான். கிளைட்டன் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறான். கையில் ஜாக்கி ராடு. அதைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். தையல் போட்ட இடம் முடி முளைக்காமல் வெள்ளையாகத் தெரிகிறது. கிளைட்டன் பார்வையும் அங்கேதான் இருக்கிறது.

என் கத்தல் அவனுக்குக் கேட்கவில்லை. மாதாவின் பெயரைச் சொன்னேன், அதுவும் கேட்கவில்லை. இந்த இரண்டு பேருக்கும் கேட்கிற சத்தம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கீழே கிடந்த அரிவாளை எடுத்தேன். விறைத்து நின்ற நைலான் கயிற்றில் ஓங்கிப் போட்டேன். முதல் போடில் பாதி, இரண்டாவது போடில் மீதி.

எஞ்சின் விழுந்தது. முன்பக்கத்து இரும்புக் குறுக்குச் சட்டத்தை இரண்டாக முறித்துக்கொண்டு, ஃபிராங்க்ளின் தட்டித் தட்டிச் செய்த தகட்டையெல்லாம் கிழித்துக்கொண்டு, தரை வரைக்கும் போனது. அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டி உடைந்து கறுப்பாக ஓடியது. கிளைட்டன் உப்பைக் கழுவி மறுபடியும் பல் பிரஷ்ஷால் தேய்த்த கார்புரேட்டர் இரண்டும் நசுங்கிப்போயின. சீலா மூக்குடைந்து முன்னங்காலில் மண்டியிட்டது.

ஜாக்கி ராடு இறங்கவில்லை. கிளைட்டன் மெதுவாகத் திரும்பினான். அவனுக்குக் கீழே கிடந்த ஃபிராங்க்ளினும் தலையைத் தூக்கிப் பார்த்தான். அப்பாடா, நின்றுவிட்டது என்று நினைத்தேன். கிளைட்டன் எழுந்து ஃபிராங்க்ளினுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டதைப் பார்த்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்து வந்தார்கள்.

முதல் அடி கிளைட்டனுடையது. அரிவாள் பிடித்திருந்த கையில் ஜாக்கி ராடால் அடித்தான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது. "அக்கான்னு பாக்குதேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் அடித்தான். ஃபிராங்க்ளின் என் முடியைச் சுற்றிப் பிடித்து முகத்தில் அறைந்தான், விழுந்ததும் விலாவில் உதைத்தான். குழந்தையில் அவனுக்குச் சளி பிடித்தால் மூக்கை உறிஞ்சி எடுத்தவள் நான். அவன் உதைதான் அதிகம் வலித்தது. ஒருத்தன் பிடித்துக்கொள்ள ஒருத்தன் அடித்தான், கை ஓய்ந்தால் மாற்றிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் முன்னால் எஞ்சினை ஏற்றினார்களே, அதே ஒற்றுமை. அப்பா ஆசைப்பட்டது நடந்துவிட்டது என்று தரையில் கிடந்தபடி நினைத்தேன், சிரிப்புக்கூட வந்தது, வாயில் ரத்தம் இருந்ததால் வெளியே வரவில்லை.

இஞ்ஞாசி அண்ணன் துடுப்போடு மதில் ஏறிக் குதித்து இரண்டு பேர் முதுகிலும் நாலு போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். அவர்களேதான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். தலைப்பக்கம் ஒருத்தன், கால்பக்கம் ஒருத்தன்.

பெரியாஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டு போட்டு, உதட்டைத் தைத்தார்கள். எஸ்.ஐ. ராமர் வருகிறார் என்று தெரிந்ததும் கிளைட்டன் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டான். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, படியில விழுந்தேன்னு சொல்லிரு."

இந்தப் பக்கம் ஃபிராங்க்ளின் குனிந்தான். "ஆமாக்கா. மாடிப்படின்னு சொல்லிரு. இல்லாட்டி இவன் குண்டாஸ்ல போயிருவான். எனக்கும் வேலை போயிரும்."

நான் இரண்டு பேரையும் பார்த்தேன். ஒருத்தன் தோளில் ஓட்டை, ஒருத்தன் காதில் பாதி இல்லை. மண்டை இரண்டும் முழுசாக இருந்தன. இந்தச் சின்னவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் இருக்கத்தானே இத்தனை மாதம் தூங்காமல் கிடந்தேன். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, சொல்லியும் இருப்பேன். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமை இவர்கள் முற்றத்துக்குத்தான் போவார்கள். அங்கே உடைந்த கார் நிற்கிறது, உடைந்ததையும் பங்கு போட முடியும்.

ராமர் நோட்டைத் திறந்தார். "சொல்லுங்க மேடம், எப்படி அடிபட்டுது? படியா?"

"படிக்குக் கை கிடையாது சார்" என்றேன். "இவனுவளுக்கு நாலு இருக்கு. ரெண்டு பேரும்தான் அடிச்சானுவ."

"அக்கா" என்றான் கிளைட்டன்.

"யார் கையை ஒடிச்சது, யார் உதைச்சதுன்னு தனித்தனியா..."

"பங்கு போடாதீங்க சார். ரெண்டு பேர் மேலயும் முழுசா எழுதுங்க."

அவர் எழுதினார். அவர்களை ஜீப்பில் ஏற்றும் சத்தம் கேட்டபோது போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் ஊசி போட்டாள்.

கிளைட்டன் மேல் குண்டாஸ் வருமா என்று இன்னும் தெரியவில்லை. வக்கீல் வராது என்கிறார், ராமர் வரும் என்கிறார். இப்போதைக்கு இரண்டு பேரும் கிளைச் சிறையில், ஒரே அறையில். அப்பா செத்த பிறகு அவர்கள் ஒரு கூரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் படுத்து எழுவது இதுதான் முதல் தடவை. கல்லறைத் திருநாளுக்கு நான் மட்டும் ஆட்டோவில் போய்ப் பூ வைத்துவிட்டு, அப்படியே அவர்களைப் பார்க்கப் போனேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். என் கைக்கட்டைப் பார்த்தார்கள், உதட்டைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"அக்கா" என்றான் ஃபிராங்க்ளின். "மழை பெய்யுதே. வண்டிய மூடினியா?"

"தார்ப்பாய் என் ரூம்ல இருக்கு" என்றான் கிளைட்டன். "நல்லா இழுத்துக் கட்டு. குறுக்குச் சட்டத்த வெல்டு வச்சுரலாம்னு அண்ணன் சொல்லுதான். தொட்டி நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணன். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! அதற்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். கேட்டும் ஆயிற்று.

"மூடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மைதான், மூடித்தான் இருந்தது. இஞ்ஞாசி அண்ணன் மூடி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கதவைக்கூடத் திறக்காமல் நேராக முற்றத்துக்குப் போனேன். கயிறுகளை இடது கையாலும் பல்லாலும் அவிழ்த்தேன். தார்ப்பாயை உருவிக் கீழே போட்டேன். பானட் இல்லாத வாய்க்குள் மழை நேராக இறங்கியது. கடல் பக்கமிருந்து உப்புக் காற்றும் நன்றாக அடித்தது. சாவியை அந்த எஞ்சின் மேல் போட்டேன். அது எங்கேயோ உள்ளே விழுந்து சத்தம் போட்டது. தார்ப்பாய் நல்ல தார்ப்பாய், வீணாக்க வேண்டாம் என்று சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். இஞ்ஞாசி அண்ணன் அதை எடுத்துத் தன் வலையை மூடினார்.